பலகைத் துண்டுகளின் மேல் நிற்கும் உயிர்கள்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக மலையேறி வரும் ஏ-4 நெடுஞ்சாலை, ஹல்துமுல்லையைக் கடந்ததும் பெரகல என்னும் சிறு சந்தியை வந்தடைகிறது. அங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று ஏ-16 என்ற இலக்கத்துடன் ஹப்புத்தளை, பண்டாரவளை ஊடாக ஹாலிஎல நோக்கிச் செல்கிறது. மற்றையது ஏ-4 ஆகவே தொடர்ந்து கொஸ்லந்தை, வெல்லவாய நோக்கிக் கீழிறங்குகிறது. ஊவாவின் தேயிலைத் தோட்டங்களுக்கு உரமும் சீமெந்தும் இரும்பும் ஏற்றிச் செல்லும் லொறிகள் இந்தச் சந்தியைத் தொட்டுச் செல்வது வழமை. புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களிற் பலருக்குப் பெரகல என்றால் பஸ் வண்டி சற்று நேரம் நின்ற இடம், மூடுபனி, கீழே தெரியும் தாழ்நிலம் என்ற அளவிலேயே ஞாபகம் இருக்கக்கூடும்.

இந்தப் பாதைகளிற் சமதரை என்பது அபூர்வம். ஒரு பக்கம் வெட்டப்பட்ட மலை, மறுபக்கம் பள்ளம். இடையிலுள்ள வீதியில் ஒரு பகுதி மலையை வெட்டி எடுத்த கடினமான தரை. மற்றொரு பகுதி, வெட்டிய மண்ணைப் பள்ளப் பக்கமாகக் கொட்டி நிரப்பிய தரை. மலைப்பாதைகள் பொதுவாக அமைக்கப்படும் முறை அதுதான். மேலே தார் போட்ட பின்னர் எது வெட்டியது, எது நிரப்பியது என்பதைக் கண்ணாற் பார்த்து அறிய முடியாது. சாதாரண லொறி ஓடிச் செல்வதற்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. ஆனால் ஒரு லொறி ஓரிடத்தில் நின்று பாரம் தூக்கும்போது அதுவே உயிருக்கும் சாவுக்கும் இடையிலான வேறுபாடாகிவிடுகிறது.

நமது நாட்டில் ‘பூம் ட்ரக்’ என்று எல்லோரும் அழைக்கும் பாரந்தூக்கி லொறியைப் பற்றியே எழுத முற்படுகிறேன். சாரதி ஆசனத்தின் பின்புறத்தில் மடித்து வைத்த கையொன்றும், இருபுறமும் நீட்டி நிலத்தில் ஊன்றக்கூடிய கால்களும் கொண்ட வாகனம் அது. மின்கம்பம் நடுவதற்கும், கொங்கிரீட் குழாய் இறக்குவதற்கும், வெட்டிய மரக்குற்றிகளை ஏற்றுவதற்கும், தேயிலைத் தொழிற்சாலைக்குப் புதிய இயந்திரம் கொண்டுவருவதற்கும் இன்று அதையே நாடுகிறார்கள். அது பாரம் தூக்குவதை வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும். தூக்குவதற்கு முன் அது எவ்வாறு கால் ஊன்றுகிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை. பூம் ட்ரக் கவிழும் விபத்துகளிற் கணிசமானவற்றின் விதை அந்தக் கால் ஊன்றும் வேளையிலேயே விதைக்கப்படுகிறது என்பது என் அவதானம்.

இந்த இயந்திரத்தின் வரலாறு சுவையானது. சுவீடன் நாட்டின் ஹூடிக்ஸ்வால் நகரில், பனிச்சறுக்குப் பலகைகள் தயாரித்து வந்த எரிக் சுந்தின் என்பவர், லொறியின் எஞ்சின் வலுவைக் கொண்டே எண்ணெய் அழுத்தத்தினாற் பாரம் தூக்கலாம் என்று கண்டார். 1944ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய நிறுவனத்தின் சுருக்கப் பெயரே ‘ஹயாப்’. உலகின் முதலாவது ஹைட்ரோலிக் லொறிப் பாரந்தூக்கி 1947இல் அங்கிருந்து வெளிவந்தது. இலங்கை வீதிகளில் நாம் காண்பவற்றிற் பல ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் வந்தவை. ‘டடானோ’, ‘யுனிக்’ என்ற பெயர்களை அவற்றின் கைகளிற் காணலாம். ஜப்பானின் பாரந்தூக்கிப் பாதுகாப்பு விதிகள், இளகிய நிலத்தில் இரும்புத் தகடு போன்றவற்றை விரிக்காமல் வேலை செய்யக் கூடாது என்றும், ஊன்றுகால்களை முழுமையாக நீட்ட வேண்டும் என்றும் கூறுகின்றன. லொறி கப்பலேறி இங்கே வருகிறது. அந்த விதிகள் அதனுடன் வருவதில்லை.

கால் ஊன்றுவதற்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? இடுப்பில் வைத்த தண்ணீர்க் குடத்தைச் சுமந்து நெடுந்தூரம் நடந்துவிடலாம். அதே குடத்தைக் கையை முன்னே நீட்டிப் பிடித்து நிற்கச் சொன்னால் ஒரு நிமிடம் தாங்க முடியாது. உடலே முன்னால் சாயும். குடத்தின் எடை மாறவில்லை, தூரம் மாறியிருக்கிறது. 500 கிலோ பாரத்தை 2 மீற்றர் தூரத்தில் தூக்கினால் கவிழ்க்கும் விசை 1 தொன்-மீற்றர். அதையே 6 மீற்றர் தூரத்துக்குக் கையை நீட்டித் தூக்கினால் 3 தொன்-மீற்றர். அந்த மூன்று மடங்கையும் எதிர்த்து நிற்பது லொறியின் சொந்த எடையும், பக்கவாட்டில் நீட்டிய கால்களின் அகலமும்தான். காலைப் பாதியளவே நீட்டினால் அந்த அகலம் குறைகிறது. லொறி எந்த அளவுக்குத் தாங்கும் என்று உற்பத்தியாளர் ஒட்டியிருக்கும் அட்டவணை அப்போது செல்லாக் காசாகிவிடும்.

அடுத்தது நிலத்தின் பொறுமை. ஒரு காலின் கீழ் 4 தொன் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அந்தக் காலின் பாதம் 25 சென்றிமீற்றர் சதுரமானால், ஒவ்வொரு சதுர சென்றிமீற்றர் மண்ணும் ஏறக்குறைய 6.4 கிலோவைத் தாங்க வேண்டும். அதே பாதத்தின் கீழ் 60 சென்றிமீற்றர் சதுரமான உறுதியான மரப்பலகை வைத்தால் அது 1.1 கிலோவாகக் குறைகிறது. அதாவது ஆறில் ஒரு பங்கு. நமது கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. கூடைக் கயிறு தலையை அறுக்காதிருக்க அவர்கள் துணியை மடித்துத் தலையில் வைப்பது இதே தத்துவத்தின்படிதான்.

2025 நவம்பர் இறுதியில் இலங்கையைத் தாக்கிய ‘டித்வா’ புயல், பதுளை மாவட்டத்தையும் மிகக் கடுமையாகப் பாதித்தது. மண்சரிவுகள் பாதைகளை மூடின. மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. அதற்குச் சில வாரங்களின் பின்னர் பண்டாரவளை நோக்கிப் பயணம் செய்தபோது, பெரகலவுக்கு அண்மையில் எங்கள் பஸ் வண்டி நின்றுவிட்டது. உடைந்த மதகொன்றுக்காகக் கொங்கிரீட் குழாய்களை ஏற்றி வந்த பூம் ட்ரக் பாதையை மறித்து நின்றது. பயணிகளுடன் நானும் இறங்கிச் சென்று பார்த்தேன்.

இயக்குநர் நடுத்தர வயதுடையவர். தோட்டத்திற் பிறந்து வளர்ந்தவர் என்பது அவரது பேச்சிலேயே தெரிந்தது. அவருடன் இருபது வயது மதிக்கத்தக்க உதவியாள் ஒருவன். லொறி பள்ளப் பக்கமாக நிறுத்தப்பட்டிருந்தது. இளைஞன் அலவாங்கை எடுத்து, கால் இறங்கவேண்டிய இடத்தில் இரண்டு மூன்று முறை குத்திப் பார்த்தான். பிறகு தலையை ஆட்டினான்.

“அண்ணே, இது உள்ளே போகுது. வேணாம்.”

இயக்குநர் மறுபேச்சின்றி மீண்டும் ஏறி, லொறியைச் சற்றுத் தூரம் பின்னால் எடுத்து மலைப் பக்கமாக நிறுத்தினார். வேலையை மேற்பார்வை செய்தவருக்குப் பொறுமை போய்விட்டது. இரு பக்கமும் வாகனங்கள் ஒலி எழுப்பிக்கொண்டிருந்தன. “அங்கேயே இறக்கினால் என்ன? இதற்கே ஒரு மணித்தியாலமா?” என்று அவர் சத்தமிட்டார்.

“அவன் வேணாமுன்னா வேணாம் சார். மண்ணை அவன்தான் குத்திப் பார்த்தான், நானும் நீங்களும் பார்க்கல” என்றார் இயக்குநர்.

அதன் பின்னர் நடந்தவற்றை வரிசையாகக் குறித்துக்கொண்டேன். கைத்தடுப்பை இழுத்து, சில்லுகளின் கீழ்ப் பக்கமாகத் தடைக்கட்டைகள் வைத்தார்கள். சரிவான பாதையில் இது முதலில் நடக்க வேண்டும். அநேக லொறிகளிற் கைத்தடுப்பு பின்சில்லுகளையே பிடிக்கிறது. அந்தச் சில்லுகளின் பாரம் ஊன்றுகால்களுக்கு மாறிவிட்டாற் பிடியும் தளர்ந்துவிடும். கட்டை இல்லாவிட்டால் முழு வாகனமுமே சறுக்கக்கூடும். அடுத்து, குழாய் ஒரு பக்கமாகவே இறக்கப்படவிருந்த போதிலும், இரு பக்கக் கால்களையும் முழுமையாக நீட்டிப் பூட்டினார்கள். மலைப் பக்கத்திற் கான் ஒன்று ஓடியது. அதன் மூடியின் மேல் கால் வராதபடி லொறியை முன்னும் பின்னும் நகர்த்திச் சரிசெய்தார்கள். கான் மூடி கொங்கிரீட்டாக இருந்தாலும் அதன் கீழே வெறுமை. கால்களின் கீழ், இரண்டு அடுக்குப் பலகைகள் ஒன்றன் மேல் ஒன்று குறுக்காக அடுக்கப்பட்டன. மட்டக்கண்ணாடியில் நீர்க்குமிழி நடுவுக்கு வரும்வரை கால்கள் இறக்கப்பட்டன. கடைசியாக, குழாயைச் சில அங்குலம் மட்டும் தூக்கி நிறுத்திவிட்டு, இளைஞன் இரு கால்களையும் சுற்றிவந்து பார்த்தான். பலகை அமிழவில்லை என்று அவன் கையைக் காட்டிய பிறகே குழாய் மேலே சென்றது.

குழாய் இறங்கிய பின்னர் இயக்குநருடன் பேச வாய்ப்புக் கிடைத்தது.

“தூக்குறதுக்கு அஞ்சு நிமிசந்தான் ஐயா. ஊன்றதுக்குத்தான் நேரம். இன்னொண்ணு, முதல் குழாயை விடக் கடைசிக் குழாய்லதான் கவனம் வேணும். இறக்க இறக்க லொறி லேசாயிடும். பிடிச்சு நிக்கிற பாரம் குறைஞ்சுடும். ஆளுக வேலை முடிஞ்சிடுச்சேன்னு அப்பத்தான் அசந்துபோவாங்க.”

“சாரதி ஆசனத்துக்கு மேலாகக் கையைத் திருப்பித் தூக்குவதில்லையா தம்பி?” என்று கேட்டேன்.

“முன்பக்கம் காலே இல்லையே ஐயா. அந்தப் பக்கம் கால்வாசிப் பாரத்துக்கு மேல தூக்கக் கூடாதுன்னு எங்க வண்டியிலேயே எழுதி ஒட்டியிருக்கு. ஜப்பான் எழுத்து, ஒரு தடவை தெரிஞ்சவர்கிட்டக் கேட்டு வச்சுக்கிட்டேன்.”

அந்த இளைஞனின் சொல்லுக்கு அன்று கிடைத்த மதிப்பு எனக்கு வேறொரு சம்பவத்தை நினைவூட்டியது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஊவாத் தோட்டமொன்றின் தொழிற்சாலைக்கு இயந்திரம் இறக்க வந்த பாரந்தூக்கி லொறி கவிழ்ந்து, உதவியாள் ஒருவர் நசுங்கி இறந்தார். செய்தி சேகரிக்க வைத்தியசாலைக்குச் சென்றிருந்தேன். பிரேத அறைக்கு வெளியே அவரது தாயார் கொழுந்துச் சாக்கைக்கூட இடுப்பிலிருந்து அவிழ்க்காமல் அமர்ந்திருந்தார். மலையிலிருந்து நேரே அழைத்து வந்திருக்கிறார்கள். உடன் வேலை செய்தவர் ஒருவர் நடந்ததைச் சொன்னார். கொழுந்து லொறிகள் போய்வர வழி விட வேண்டும் என்பதற்காக ஒரு பக்கத்துக் கால்களைப் பாதியளவே நீட்டியிருக்கிறார்கள். பலகை வைக்கவில்லை. பாரத்தை அந்தப் பக்கமாகத் திருப்பியதும் கால் மண்ணிற் புதைந்திருக்கிறது. “புதையுதுன்னு அவன்தான் முதல்ல கத்தினான் சார். ‘ஒண்ணுமில்ல, பிடி’ன்னாங்க. பிடிச்சான்” என்றார் அந்த மனிதர்.

நான் எழுதி அனுப்பியதில் இவை அனைத்தும் இருந்தன. மறுநாள் அச்சில் வந்தது நான்கு வரிகள்: பாரந்தூக்கி குடைசாய்ந்தது, ஒருவர் பலி, பொலிஸார் விசாரணை. இடநெருக்கடி என்பது பத்திரிகையுலகின் நிரந்தர நோய் என்பதால் அதை நான் குறையாகச் சொல்ல வரவில்லை. ஆயினும் ‘குடைசாய்ந்தது’ என்ற அந்த வினைமுற்றைக் கவனியுங்கள். இயந்திரம் தானாகவே சாய்ந்ததுபோல் ஒரு தோற்றம். காலை யார் பாதியில் நிறுத்தினார்கள், பலகை ஏன் வரவில்லை, அவன் கத்தியதை யார் கேட்கவில்லை என்ற கேள்விகள் அந்தச் சொல்லுக்குள் அடங்கிப் போய்விடுகின்றன. அடுத்த தோட்டத்தில் அதே வேலையைச் செய்பவருக்கு அந்தச் செய்தியிலிருந்து கற்றுக்கொள்ள எதுவும் இல்லை.

இது ஏழை நாடுகளின் பிரச்சினை என்று எண்ணிவிட வேண்டாம். 2015 ஓகஸ்ட் 3ஆம் திகதி நெதர்லாந்தின் அல்பன் ஆன் டென் ரைன் நகரில், பாலமொன்றின் புதிய தளத்தைத் தூக்கிய இரண்டு பெரிய பாரந்தூக்கிகள் வீடுகளின் மேலும் கடைகளின் மேலும் விழுந்தன. அவை நின்றது தரையிலன்று, ஆற்றில் மிதந்த தெப்பங்களில். பாரந்தூக்கியும் தெப்பமும் சேர்ந்து எவ்வளவு சாய்வைத் தாங்கும் என்பதைப் போதியளவு கணக்கிட்டிருக்கவில்லை என்பதே விசாரணையில் வெளிவந்த உண்மை. மனித உயிர்கள் தப்பியது அதிசயம். தமிழ்நாட்டில் அவ்வாறு தப்பவில்லை. இராணிப்பேட்டை மாவட்டம் நெமிலியை அடுத்த கீழ்வீதி கிராமத்தில், 2023 ஜனவரி 22ஆம் திகதி அம்மன் கோயில் திருவிழாவின்போது, சாமிக்கு மாலை சாத்துவதற்காக ஆட்களை ஏற்றியிருந்த கிரேன், மேடுபள்ளமான நிலத்தில் நிலைகுலைந்து கவிழ்ந்தது. நால்வர் உயிரிழந்தனர். ஆட்களைத் தூக்குவதற்கென அமைக்கப்படாத இயந்திரத்தில் ஆட்களை ஏற்றியதும் தவறு. நிலத்தைப் பாராமல் இயக்கியதும் தவறு. காவடியும் தேரும் உள்ள நமது மலையக ஆலயங்களின் நிர்வாக சபையினர் இந்தச் சம்பவத்தை ஒருமுறை வாசித்துப் பார்ப்பது நல்லது.

பெரகல, கொஸ்லந்தைப் பகுதிக்கு இன்னுமொரு விசேட எச்சரிக்கை உண்டு. இங்குள்ள சரிவுகளிற் பல, மேலிருந்து காலங்காலமாக வழிந்து வந்து தங்கிய மண்ணும் கற்களும் கலந்த படிவுகள். மழை நீர் உட்புகுந்தால் அவற்றின் உறுதி குலைந்துவிடும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன் அறைகளை மண் விழுங்கியதை நாம் மறக்க முடியாது. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, மக்களும் அங்கேயே இருந்தார்கள். ஒரு மலைச்சரிவையும் ஒரு லொறியின் காலையும் ஒப்பிடுவது அளவிற் பொருந்தாது என்பதை அறிவேன். எனினும் இரண்டிலும், மண் அசைகிறது என்று தெரிந்தவரின் சொல்லுக்கு வேலையை நிறுத்தும் அதிகாரமோ ஆட்களை நகர்த்தும் அதிகாரமோ இருக்கவில்லை.

என் தந்தையார் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். தேயிலை அரைக்கும் உருளை இயந்திரத்தை நம்மவர் ‘ரோதை’ என்பார்கள். அதைக் காக்கும் தெய்வமாக ரோதை முனியை வழிபட்டு வந்தார்கள். புதிய ரோதை வந்தால், பூசை முடிந்த பிறகு, கயிறு பிடித்தவர்கள் எல்லோரும் அடியில் கட்டை கொடுப்பவரின் குரலுக்காகக் காத்திருப்பார்களாம். அவர் ‘சரி’ என்னும்வரை கங்காணி சொன்னாலும் இழுப்பதில்லை என்று தந்தையார் கூறக் கேட்டிருக்கிறேன். பாரத்தின் அடியில் கை வைத்திருப்பவனே கடைசி வார்த்தை சொல்ல வேண்டும் என்பது அன்று எழுதப்படாத சட்டமாக இருந்திருக்கிறது.

இன்று அது எழுதப்பட்ட சட்டமாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டுத் தொழிலாளர் பலர் பணிபுரியும் சிங்கப்பூரில், பாரந்தூக்கி இயக்கம் தொடர்பான 2011ஆம் ஆண்டு விதிகளின்படி, தூக்கும் வேலைக்கு எழுத்திலான திட்டம் வேண்டும். பொறுப்பான மேற்பார்வையாளரும் சமிக்ஞை காட்டுபவரும் நியமிக்கப்பட வேண்டும். நமது நாட்டில் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்திற் பாரந்தூக்கிகள் பற்றிய ஏற்பாடுகள் உள்ளன. ஆனால் அதன் பெயரே சொல்வதுபோல, அது தொழிற்சாலையை மனத்திற் கொண்டு எழுதப்பட்ட சட்டம். மலைப்பாதை வளைவில், நாட்சம்பளத்துக்கு வந்த ஓர் உதவியாள் ‘வேண்டாம்’ என்று சொன்னால், அந்தச் சொல்லுக்காக அவனது மறுநாள் வேலை போகாது என்று உறுதி கூறுபவர் யார்? தோட்டக் கம்பனிகளும் ஒப்பந்தக்காரரும் தொழிற்சங்கங்களும் ஒன்றுகூடி எழுத வேண்டிய வாசகம் அது. சம்பள உயர்வுக்கான பேச்சுவார்த்தைகளில் இதற்கு ஒரு பந்தி ஒதுக்கினால் யாருக்கும் நட்டமில்லை.

வாசகர்களும் ஒருநாள் பூம் ட்ரக் ஒன்றை வாடகைக்கு அமர்த்துவீர்கள். யாழ்ப்பாணத்தில் வீடு கட்டும்போதோ, கோயிலுக்குக் கற்றூண் இறக்கும்போதோ, ஊரில் தண்ணீர்த் தாங்கி ஏற்றும்போதோ அது தேவைப்படும். வாடகையைப் பேசும்போதே இரண்டு விடயங்களைக் கேளுங்கள். கால்களின் கீழ் வைக்கப் பலகைகள் கொண்டு வருகிறார்களா? கால்களை இருபுறமும் முழுமையாக நீட்டுவதற்கு உங்கள் இடம் போதுமா? போதாவிட்டால் மதிலோரப் பூச்செடியை அகற்றுங்கள், அல்லது ஒழுங்கையை அரை மணி நேரம் மறிக்க அயலவரிடம் அனுமதி கேளுங்கள். பழைய கிணறு, மலக்குழி, புதிதாக மூடிய கிடங்கு எங்கே இருக்கிறது என்பதை வீட்டுக்காரர் சொன்னாலன்றி இயக்குநருக்குத் தெரியாது. குழி வெட்டியிருந்தால், அதன் ஆழமளவு தூரமாவது காலைத் தள்ளி ஊன்றச் சொல்லுங்கள். இளகிய மண்ணானால் அதன் இரு மடங்கு. வேலை நடக்கும்போது, காலுக்கும் சுவருக்கும் இடையில் பிள்ளைகளை நிற்க விடாதீர்கள்.

அத்துடன், பலகையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் அந்தப் பையன் “இங்கே வேண்டாம் ஐயா” என்று சொன்னால், நேரமாகிறது என்று கடிகாரத்தைக் காட்டாதீர்கள். லொறி இடம் மாறி நிற்கும்வரை அவனுக்கு ஒரு கோப்பை தேநீர் கொடுத்துக் காத்திருங்கள்.